நம் வீட்டை யார் வரைந்தார்கள்?

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியங்களில் வீடும் குடும்ப வாழ்வும் என்பது இன்று எமக்குத் தரப்பட்ட பொருள். ஒரு படத்தில் தொடங்குகிறோம். 1872இல் பேர்த் மொரிசோ என்ற பிரெஞ்சுப் பெண்மணி வரைந்த 'தொட்டில்' அது. மெல்லிய திரைக்குள் குழந்தை உறங்குகிறது. தாய் கன்னத்தில் கை வைத்துப் பார்த்திருக்கிறாள். அந்தத் தாய் பேர்த்தின் அக்கா எட்மா. இருவரும் ஒன்றாக ஓவியம் பயின்றவர்கள். 1869இல் திருமணமானபின் எட்மா தூரிகையை வைத்துவிட்டார். தங்கை இறுதிவரை வரைந்தார். இதை அறிந்தபின் அந்தத் தாயின் பார்வையை எம்மால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. எம்மில் எத்தனை எட்மாக்கள்!

பாரிசின் அரச ஓவியக் கல்லூரி பெண்களைச் சேர்த்தது 1897இல்தான். கண்ட இடத்துக்கும் தனியே போய் வரைய அக்காலப் பெண்களுக்கு வழியில்லை. ஆகவே அறிந்த வீட்டையே வரைந்தார்கள். அதனால்தான் அந்தப் படங்களில் பொய் இல்லை.

எங்கள் பக்கத்தில் ரவிவர்மா இருந்தார். அவருடைய 'அதோ அப்பா வருகிறார்' 1893இல் சிகாகோ கண்காட்சிக்குச் சென்றது. வாசலில் கைக்குழந்தையுடன் ஒரு தாய் நிற்கிறாள். வரும் அப்பாவைப் படத்தில் காணோம். ஆனால் யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு வந்தவை அவருடைய அச்சகத்து லக்குமியும் சரசுவதியும். சுவரிலே சாமிப்படம் தொங்கியது; அந்தச் சுவரையும், அதனடியில் இருந்து அரிசி புடைத்த அம்மாவையும் யாரும் வரையவில்லை.

பெண்கள் படிக்காததால் அல்ல. 1824இலேயே உடுவிலில் அமெரிக்க மிசன் பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடங்கிவிட்டது. வாசிப்பு, எழுத்து, தையல் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். ஊசி பிடித்த கைக்குத் தூரிகை பாரமாக இருந்திருக்காது. வீட்டுக்குள் நடப்பது வரையத்தக்கது என்று எவரும் சொல்லவில்லை, அவ்வளவே.

1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டபோது உறுதியும் சான்றிதழும் எடுத்தோம். நாற்சார் வீட்டு முற்றத்து மழையை எடுத்துவர முடியவில்லை. திரும்பியபோது பலருக்குக் கூரையே இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். அம்மம்மாவின் வீட்டை நினைவிலிருந்து ஒரு கொப்பித்தாளில் வரையுங்கள். குசினி எந்தப் பக்கம், பெட்டகம் எங்கே இருந்தது, திருவலையில் யார் இருந்தார், விளக்கு எந்த மாடத்தில் எரிந்தது என்று குறியுங்கள். கோடு கோணினால் பரவாயில்லை. கல்லூரி நூலகத்துக்கு அனுப்பிவையுங்கள். கனடாவில் பிறந்த பேத்தி ஒருநாள் வந்து கேட்டால், எடுத்துக் காட்ட எம்மிடம் ஒரு வீடாவது இருக்கட்டும்.