மறுசுழற்சியும் ஒரு திருப்பணியே

(பாலவனத்தத்தில் கூடிய உழவாரப் பணி அன்பர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

திருக்கோயிலில் கூடியிருக்கும் வேளையில் குப்பையைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். நம் சமய வரலாற்றைப் பார்த்தால் அந்த ஐயம் நீங்கிவிடும். திருவதிகைத் திருக்கோயிலில் திலகவதியார் நாள்தோறும் செய்த தொண்டு என்ன? விடியற்காலையில் எழுந்து அலகிடுதல், சாணத்தால் மெழுகிடுதல், மலர் கொய்து மாலை தொடுத்தல். அவருடைய தம்பியாகிய திருநாவுக்கரசர் கையில் ஏந்திய கருவி எது? புல்லையும் முள்ளையும் செதுக்கும் உழவாரம். அரசவைகளை அசைத்த நாவை உடைய பெருமகனார், தம் அடையாளமாகக் கொண்டது ஒரு துப்புரவுக் கருவியை. ஆகவே குப்பையை அகற்றும் பணி நம் சமயத்திற்குப் புதிதன்று.

ஆயினும் அப்பர் பெருமான் காலத்திற்கும் நம் காலத்திற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று உழவாரத்தால் அகற்றப்பட்டவை புல், சருகு, வாடிய மலர், முள் ஆகியவை. ஒரு மூலையில் குவித்தால் சில மாதங்களில் அவை மண்ணாகிவிடும். இன்று கோயில் பிராகாரத்திலும் தெருவிலும் நாம் வாரி எடுப்பவை பாலித்தீன் பை, பால் உறை, கற்பூர உறை, தண்ணீர்ப் புட்டி, நெகிழிக் குவளை. இவை குவித்த இடத்திலேயே கிடக்கும். கூட்டுவது பாதித் தொண்டுதான். கூட்டியது எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்ப்பது மறுபாதி. அந்த மறுபாதியைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விழைகிறேன்.

திருச்சுழியும் சுழற்சியும்

நமக்கு அண்மையில் உள்ள திருச்சுழியல், சுந்தரமூர்த்தி சுவாமிகளின் தேவாரப் பதிகம் பெற்ற திருத்தலம். திருமேனிநாதர் எழுந்தருளியுள்ள அத்தலத்தின் பெயர்க் காரணத்தை நீங்கள் அறிவீர்கள். ஊழி வெள்ளம் பெருகி வந்தபோது, இறைவன் அதனைச் சுழித்து நிலத்தினுள் செலுத்தி உயிர்களைக் காத்தருளினார் என்பது தல வரலாறு.

படைப்பு முழுவதுமே ஒரு சுழற்சியில் இயங்குகிறது. மழை பெய்து கண்மாய் நிறைகிறது. கண்மாய் நீர் பயிராகிறது. பயிரின் தாளை மாடு தின்கிறது. மாட்டின் சாணம் எருவாகி மீண்டும் வயலுக்குச் செல்கிறது. இந்தச் சுழற்சியில் குப்பை என்று ஒன்று இல்லை. ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவு. நாம் செய்யும் பொருள்கள் இந்தச் சுழற்சிக்குள் திரும்ப வராமல் தேங்கும்போதுதான் குப்பை பிறக்கிறது. அவ்வாறு தேங்கியவற்றை மீண்டும் சுழலச் செய்வதையே மறுசுழற்சி என்கிறோம்.

பாலவனத்தம் காட்டும் பாடம்

இவ்வூருக்கு மற்றொரு பெருமை உண்டு. பாலவனத்தம் ஜமீன்தாராக விளங்கிய பாண்டித்துரைத் தேவர் 1901 ஆம் ஆண்டில் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அக்காலத்தில் பழைய ஓலைச்சுவடிகளின் நிலை என்ன? செல்லரித்தவை எனக் கருதி ஆற்றில் விட்டோரும் உண்டு. அடுப்பில் இட்டோரும் உண்டு. சங்கமோ சுவடிகளைத் தேடித் திரட்டிப் பாண்டியன் புத்தகசாலையில் காத்தது, நூல்களை அச்சிட்டது, ‘செந்தமிழ்’ என்னும் இதழையும் நடத்தியது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஒரு பொருள் குப்பையாவது அப்பொருளின் குற்றமன்று. அதன் மதிப்பை அறியாதவர் கையில் அது இருப்பதே காரணம். மதிப்பறிந்தவர் கைக்கு மாறினால் அதுவே செல்வமாகிறது. ஓலைச்சுவடியோடு உடைந்த குடத்தை ஒப்பிடலாமா என்று கேட்க வேண்டா. பொருளின் தரம் வேறு. வீணாக்கக் கூடாது என்னும் அறம் ஒன்றே.

கரிசல் பூமியின் துன்பம்

நம்முடையது மழையை நம்பி வாழும் மானாவாரிச் சீமை. இங்கு ஒவ்வொரு துளி நீரும் விலைமதிப்பற்றது. தெருவில் எறிந்த பை, மழை நாளில் வாய்க்கால் வழியே ஊருணிக்கும் கண்மாய்க்கும் சென்று மடைவாயை அடைக்கிறது. வயலில் புதைந்த நெகிழித் தாள், மழைநீர் மண்ணுள் இறங்குவதைத் தடுக்கிறது. வேர் பரவும் வழியையும் மறிக்கிறது.

மேய்ச்சலுக்குச் செல்லும் பசுவின் நிலை இன்னும் கொடியது. மிஞ்சிய சோற்றையும் காய்த்தோலையும் பைக்குள் முடிந்து வீதியில் எறிகிறோம். பசுவுக்கு முடிச்சை அவிழ்க்கத் தெரியாது, பையோடு விழுங்குகிறது. அது செரிப்பதும் இல்லை, வெளியேறுவதும் இல்லை. முதல் இரைப்பையில் ஆண்டுக்கணக்கில் திரண்டு, தீவனத்திற்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. கோமாதா என்று வெள்ளிக்கிழமை வலம் வந்து வணங்குகிறோம். சனிக்கிழமை அதற்கு நெகிழியை ஊட்டுகிறோம். இந்த முரண்பாட்டைச் சிந்திக்க வேண்டாமா?

கொளுத்திவிட்டால் தீர்ந்தது என்று கருதுவதும் தவறு. பிளாஸ்டிக்கைத் தெருவோரத்தில் எரிக்கும்போது டையாக்சின் முதலிய நச்சுப் பொருள்கள் புகையில் கலந்து, அருகில் உறங்கும் குழந்தையின் நுரையீரலுக்கே செல்கின்றன.

பம்மல் மகளிர் காட்டிய வழி

இதற்குத் தீர்வு உண்டா என்றால், உண்டு என்பதைச் சாதாரணக் குடும்பப் பெண்களே நம் தமிழகத்தில் செய்து காட்டியுள்ளனர். சென்னையில் 1989 ஆம் ஆண்டு எம்.பி. நிர்மல் என்பவர் எக்ஸ்னோரா என்னும் அமைப்பைத் தொடங்கினார். ஒரு தெருவில் வாழ்வோர் கூடி, மாதந்தோறும் சிறு தொகை செலுத்தி, குப்பை சேகரிக்க ஒருவரை அமர்த்துவர். அவருக்கு அவர்கள் சூட்டிய பெயர் ‘தெருவை அழகுபடுத்துபவர்’ என்பதாகும். பெயரிலேயே மரியாதை இருப்பதைக் கவனியுங்கள்.

அவ்வழியில், சென்னைக்கு அருகிலுள்ள பம்மலில், ஸ்ரீ சங்கரா நகரைச் சேர்ந்த மங்களம் பாலசுப்பிரமணியன் அம்மையாரும் அப்பகுதிப் பெண்களும் 1994 ஆம் ஆண்டில் தம் குடியிருப்பைத் தூய்மையாக்கும் பணியில் இறங்கினர். வீட்டிலேயே மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரிக்கச் சொன்னார்கள். மக்கியதை மண்புழு உரமாக்கினார்கள்; மற்றவற்றை வகை பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்பினார்கள். ஒரு நகரில் தொடங்கிய பணி பின்னர்ப் பம்மலின் பிற பகுதிகளுக்கும் பரவியது. அரசு ஆணை வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. தம் வாசலிலிருந்து தொடங்கினார்கள்.

கடல் கடந்து ஜப்பானைப் பார்ப்போம். அங்குள்ள கமிகாட்சு என்னும் மலையூரில் 1,500-க்கும் குறைவானவர்களே வாழ்கின்றனர். அவ்வூர் 2003 ஆம் ஆண்டில் ‘குப்பையில்லா ஊர்’ ஆவோம் என உறுதி பூண்டது. சமையல் கழிவை அவரவர் வீட்டிலேயே உரமாக்கினர். ஏனையவற்றைத் தாமே ஒரு பொது நிலையத்திற்குக் கொண்டுவந்து 45 வகையாகப் பிரித்தனர். குப்பையில் ஏறத்தாழ 80 சதவீதத்தை மறுசுழற்சிக்கு அனுப்பும் நிலையை அவ்வூர் எட்டியது. சிற்றூரால் இயலாது என்பார்க்கு இதுவே விடை. ஒருவரையொருவர் அறிந்து வாழும் சிற்றூரில்தான் இது எளிது.

பழைய பொருள் வாங்குவோர் தொடாத மெல்லிய பைகளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்கு நம் மதுரையே வழி கண்டது. தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன், துண்டு துண்டாக்கிய நெகிழியைச் சூடான சல்லியின்மேல் தூவி உருகச் செய்து, பின்னர்த் தாரோடு கலந்து சாலை அமைக்கும் முறையை உருவாக்கினார். அப்பணிக்காக 2018 ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். பை தூய்மையாகவும் உலர்ந்தும் இருந்தால் அதற்கும் ஒரு பயன் உண்டு. சோறும் குழம்பும் ஒட்டியிருந்தால் எந்தப் பயனும் இல்லை. ஆகவே எல்லாம் நம் வீட்டு அடுக்களையில் செய்யும் பிரிவினையைப் பொறுத்தே அமைகிறது.

நம் ஊரில் செய்யத்தக்கவை

தொடங்குவதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. முதலில் ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். வீடுதோறும் இரண்டு கூடைகள் இருக்கட்டும். ஒன்றில் காய்த்தோல், சோறு, சருகு, மலர். மற்றொன்றில் தாள், நெகிழி, கண்ணாடி, தகரம். பழைய மின்கலம், உடைந்த விளக்குக் குழல், காலாவதியான மருந்து ஆகியவற்றைத் தனியே கட்டி வையுங்கள்.

கோயிலில் சேரும் மாலைகளையும் வாழை இலைகளையும் கொண்டு உரக்குழி அமைக்கலாம். நிழலான இடத்தில், சருகு ஓர் அடுக்கு, மலரும் இலையும் ஓர் அடுக்கு, சாணக் கரைசல் ஒரு தெளிப்பு, மேலே சிறிது மண் என நிரப்ப வேண்டும். நம் பகுதியின் வெயிலில் குழி விரைவில் காய்ந்துவிடும். ஈரம் காக்க ஓலையால் மூடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதங்களில் மணமற்ற கரிய உரம் கிடைக்கும். அதனை நந்தவனத்திற்கே இடலாம். இறைவனுக்குச் சாத்திய மலர், மீண்டும் இறைவனுக்கே மலராகும்.

அன்பர்களும் சிலவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும். பிரதோஷத்திற்குப் பாலைச் செம்பில் கொண்டு வாருங்கள். உறையில் வந்த பாலானால், உறையை வெட்டும்போது முனைத் துண்டைத் தனியே விழவிடாதீர்கள். அச்சிறு துண்டு யார் கைக்கும் அகப்படாது. நைலான் கயிற்றில் தொடுத்த மாலையைத் தவிர்த்து, வாழைநாரில் தொடுத்ததைக் கேட்டு வாங்குங்கள். அன்னதானத்திற்கு வாழை இலையோ தையல் இலையோ போதும். நெசவுக்குப் பெயர் பெற்ற அருப்புக்கோட்டை அருகிலிருக்க, துணிப்பைக்கு நமக்கென்ன பஞ்சம்? தமிழக அரசு 2019 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களைத் தடை செய்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தையும் தொடங்கியது. சட்டம் வாசல் வரை வரும். வீட்டுக்குள் வர வேண்டியது நம் மனச்சான்றே.

தொண்டு எது? கூலி எது?

இனி, கசப்பானதொரு உண்மையையும் கூற வேண்டும். நாள்தோறும் வாசல் தெளித்துக் கோலமிடும் நாம், நம் குப்பையை அடுத்த தெருவின் எல்லையில் தள்ளுகிறோம். அதனை அள்ளுபவரை எட்டி நிற்கச் சொல்கிறோம். அழுக்கை உண்டாக்கியவர் தூயவர், அகற்றியவர் தூய்மையற்றவர் என்பது எந்த நீதி? காஞ்சியில் அடியார்களின் ஆடையை வெளுத்த திருக்குறிப்புத்தொண்டரை அறுபத்துமூவருள் ஒருவராக வைத்துக் கும்பிடும் நாம், நம் வாசலுக்கு வரும் தூய்மைப் பணியாளரின் பெயரையேனும் அறிந்திருக்கிறோமா?

தொண்டர்கள் முன்வந்தால் பணியாளர் தேவையில்லை என்று யாரும் கருதிவிடலாகாது. தொண்டு, ஏழையின் கூலியைப் பறிக்கும் வழியாகிவிடக் கூடாது. பழைய பொருளை விற்ற காசு மட்டும் ஊதியத்திற்குப் போதாது; ஆகவேதான் வீடுதோறும் மாதச் சந்தா வேண்டும். பிரித்துக் கொடுப்பது, கணக்கைப் பொதுவில் வைப்பது, அண்டை வீட்டாருக்கு எடுத்துச் சொல்வது ஆகியவை தொண்டர் கடமை. உரிய ஊதியம், கையுறை, குடிக்கத் தண்ணீர், இன்சொல் ஆகியவை பணியாளரின் உரிமை.

மற்றொன்று, இடைவிடாமை. முதல் ஞாயிற்றுக்கிழமை ஐம்பது பேர் வருவர்; நான்காவது ஞாயிற்றுக்கிழமை ஐவர் வருவர். இது எங்கும் காணும் இயல்பு. அந்த ஐவரும் சோர்ந்துவிடக் கூடாது. திருவாரூரில் கண் பார்வையற்ற தண்டியடிகள், தூர்ந்து குறுகிய திருக்குளத்தைத் தாமே தோண்டினார். குளத்தினுள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதனைத் தடவியே நடந்து மண் சுமந்தார். குளத்தைத் தூர்த்தவர் யார் என்று அவர் கேட்கவில்லை. உதவ யார் வருவார் என்றும் காத்திருக்கவில்லை. கட்டிய கயிற்றை விடாமல் பற்றினார். நமக்கும் அத்தகைய கயிறு ஒன்று வேண்டும். குறித்த நாள், குறித்த நேரம், குறித்த தெரு என்னும் ஒழுங்கே அக்கயிறு.

முள் நீக்கிய கோல்

திருச்சுழியில் 1879 ஆம் ஆண்டு அவதரித்தருளிய பகவான் ரமண மகரிஷியின் வாழ்வில் நிகழ்ந்ததொன்றைக் கூறி நிறைவு செய்கிறேன். பயன் கருதாத் தொண்டு என்பது யாது என்று பண்டிதர் ஒருவர் அவரிடம் வினவினார். பகவான் விடை கூறவில்லை. பின்னர் மலைமேல் நடக்கும்போது, வழியில் கிடந்த முள் நிறைந்த கிளையொன்றை எடுத்தார். அமர்ந்து முட்களைச் செதுக்கினார், கணுக்களைத் தேய்த்தார், சொரசொரப்பான இலையால் மெருகேற்றினார். முள்ளாய்க் கிடந்தது அழகிய கோலாயிற்று. அவ்வேளையில் தன் கோலைத் தொலைத்துவிட்டு ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் வாட்டத்துடன் வந்தான். பகவான் அக்கோலை அவனிடம் கொடுத்துவிட்டு நடந்தார். தம் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது என்று பண்டிதர் உணர்ந்தார்.

எறியப்பட்டதை எடுத்தல், பொறுமையோடு முள் நீக்குதல், வேண்டியவருக்கு அளித்தல், ‘எனது’ என்னாமல் நடத்தல். இந்நான்கும் அமைந்தால் நம் ஊரின் மறுசுழற்சிப் பணி திருப்பணியாகவே விளங்கும். இன்று வீடு திரும்பியதும் இரண்டாவது கூடையை எடுத்து வையுங்கள். எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.