முதலில் மூச்சு, பிறகு மிதிவண்டி

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆசிரியர் உடல்நலம் குறித்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். ஆசிரியர் உடல்நலம் பற்றிப் பேசச் சொன்னார்கள். பொதுவாகப் பேசுவதைவிட, என் உடம்பு எனக்கு நடத்திய பாடத்தைப் பேசுகிறேன். சென்ற ஆண்டு எனக்கு வலப்பக்க விலா எலும்புகள் இரண்டில் விரிசல் ஏற்பட்டது. பத்து வாரம் கழித்து மீண்டும் மிதிவண்டியில் பள்ளிக்கு வந்தேன். அந்தப் பத்து வாரத்தில் நான் அறிந்துகொண்டவற்றுள் பல, வகுப்பறைக்கும் விளையாட்டுத் திடலுக்கும் உதவும் செய்திகள்.

நடந்தது எளிமையானது. மாலையில் பள்ளி விட்டு வீடு திரும்பும்போது, கண்மாய்க்கரை வளைவில் ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே பாய்ந்தது. வண்டி சாய்ந்தது. ஹேண்டில் பாரின் முனை விலாவில் குத்தியது. குட்டிக்கு ஒன்றுமில்லை.

விலாவுக்கு ஓய்வு நேரம் இல்லை

நம் உடலில் 12 இணை விலா எலும்புகள் உள்ளன. மேலே உள்ள 7 இணைகள் குருத்தெலும்பு வழியாக மார்பெலும்போடு நேரடியாகச் சேர்கின்றன. அடுத்த 3 இணைகள் தமக்கு மேலுள்ள குருத்தெலும்போடு சேர்கின்றன. கடைசி 2 இணைகள் முன்புறம் எதனோடும் சேர்வதில்லை. இதைப் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன்.

கை முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைக்கலாம். விலாவை அப்படி வைக்க முடியாது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 15 முறை மூச்சு விடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 பெருக்கல் 60 பெருக்கல் 24, ஒரு நாளைக்கு 21,600 முறை. உடைந்த எலும்பு அத்தனை முறையும் அசைந்துகொண்டேதான் ஒட்ட வேண்டும். அப்படியும் அது ஒட்டுகிறது. பெரும்பாலும் ஆறு வாரத்தில் ஓரளவு உறுதியாகிவிடும். சிலருக்குப் பன்னிரண்டு வாரம் வரை வலி நீடிக்கும்.

அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மருத்துவரிடம், "கட்டு எதுவும் போட மாட்டீங்களா சார்?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்குப் பாடமாக அமைந்தது. முன்பெல்லாம் மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுவார்களாம். கட்டினால் வலி குறையும். ஆனால் மூச்சு மேலோட்டமாகிவிடும். நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாது. சளி தேங்கும். நிமோனியாவுக்கு அது வழி திறந்துவிடும். அதனால் அந்தப் பழக்கம் கைவிடப்பட்டது. "டீச்சர், வலி மாத்திரை எதுக்குன்னா வலியை மறக்கிறதுக்கு இல்ல, ஆழமா மூச்சு இழுக்கிறதுக்கு" என்றார்.

விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு முறை, பத்துத் தடவை ஆழமாக மூச்சை இழுத்து விட வேண்டும். மூன்று பந்துகள் உள்ள ஒரு சிறு பிளாஸ்டிக் கருவி கொடுத்தார்கள். மூச்சை உள்ளிழுத்தால் பந்து மேலே ஏறும். முதல் நாள் ஒரு பந்து பாதி ஏறியது. இருமல் வந்தால் அடக்கக் கூடாது. தலையணையை விலாவோடு அணைத்துக்கொண்டு இருமிவிட வேண்டும். முதல் வாரம் தட்டையாகப் படுக்க முடியவில்லை. மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி தூங்கினேன். படுத்தே கிடக்காமல் வீட்டுக்குள் நடக்கச் சொன்னார்கள், நடந்தேன். எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளலாம். தும்மலை மட்டும் யாருக்கும் வரக் கூடாது என்று வேண்டிக்கொள்வேன்!

பிள்ளைகள் விழுந்தால்

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிள்ளைகளின் விலா எலும்புகள் நம்முடையதைவிட வளைந்து கொடுப்பவை. அதனால் பலமாக அடிபட்டாலும் எலும்பு உடையாமல் போகலாம். ஆனால் அந்த அதிர்ச்சி உள்ளே இருக்கும் நுரையீரலைக் காயப்படுத்தியிருக்கலாம். "எலும்பு உடையலையே, ஒன்றுமில்லை" என்று விட்டுவிட முடியாது. கீழ் விலாக்களுக்குப் பின்னால் வலப்பக்கம் கல்லீரலும் இடப்பக்கம் மண்ணீரலும் இருக்கின்றன. அங்கே அடிபட்ட பிள்ளையை நெடுநேரம் கவனிக்க வேண்டும்.

மூச்சு வாங்குவது, உதடு நீலம் பாய்வது, இருமலில் இரத்தம், மார்பின் இரு பக்கமும் ஒன்றுபோல் ஏறி இறங்காதது, வயிற்று வலி, மயக்கம், முகம் வெளுத்து வியர்ப்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை பிள்ளைக்கு எது வசதியோ அப்படி உட்கார வையுங்கள். எண்ணெய் தடவி நீவ விடாதீர்கள். துண்டை வைத்து இறுக்கிக் கட்டாதீர்கள். அடிபட்டு இரண்டு மூன்று நாள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

குரலில்லாத வகுப்பு

மூன்று வாரம் மருத்துவ விடுப்பு. பிறகு உடற்தகுதிச் சான்று பெற்று, பேருந்தில் பள்ளிக்கு வந்தேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. நம் குரல் தொண்டையில் மட்டும் இல்லை. உரக்கப் பேச, மார்புக்கூடு விரிந்து காற்றை நிரப்பி அழுத்தத்தோடு வெளியே தள்ள வேண்டும். என்னால் அது முடியவில்லை. ஒன்பதாம் வகுப்பில் 38 பேர். கடைசி வரிசைக்கு என் குரல் எட்டவில்லை. வலக்கையைத் தூக்கிக் கரும்பலகையின் மேல் பாதியில் எழுதவும் முடியவில்லை.

பெஞ்சுகளை அரை வட்டமாக நெருக்கிப் போட்டோம். கரும்பலகையின் மேல் பாதியில் மாணவர்கள் எழுதினார்கள். நான் உட்கார்ந்து சொன்னேன். கை தூக்கினால் அமைதி என்று ஒரு சைகை வைத்துக்கொண்டோம். முதல் இரண்டு நாள் சத்தம்தான். மூன்றாம் நாள் முன்வரிசைப் பிள்ளைகளே பின்வரிசையைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். இப்போது என் குரல் முழுதாகத் திரும்பிவிட்டது. ஆனாலும் அந்த அரை வட்டத்தை நான் கலைக்கவில்லை. தினமும் ஆறு பாடவேளை தொண்டை கட்டப் பேசும் நமக்கு இது ஒரு நல்ல ஏற்பாடு.

ஏன் மிதிவண்டிதான் வேண்டும்?

வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், "இனிமே சைக்கிள் வேண்டாம், ஒரு ஸ்கூட்டி வாங்கிக்க" என்று. வீட்டிலிருந்து பள்ளிக்கு ஆறு கிலோமீட்டர். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. என் மனம் ஒப்பாததற்குக் காரணம் உண்டு.

1990களின் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது மூத்த ஆசிரியர்களுக்கு நினைவிருக்கும். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் திருமதி ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சேர்த்து மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கல்குவாரியில் வேலை செய்த பெண்கள் முதல் அங்கன்வாடிப் பணியாளர்கள் வரை ஊர் ஊராகப் பெண்கள் சைக்கிள் ஓட்டினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். என் அம்மாவும் அப்போது கற்றுக்கொண்டவர்தான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட்டுவார். அவர் ஓட்டிய வண்டியில்தான் நானும் பழகினேன்.

நான் விழுந்த மறுநாள் பார்க்க வந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "வண்டிக்கு ஒண்ணும் ஆகலையேடி?" என்பதுதான். சிரித்தால் விலா வலிக்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இன்னொரு காரணம் கனமானது. எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவி நான்கு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊரிலிருந்து, அரசு தரும் விலையில்லா மிதிவண்டியில் வந்துகொண்டிருந்தாள். நான் விழுந்த செய்தி ஊருக்குப் போனதும் அவள் அப்பா வண்டியை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிட்டார். "டீச்சரே விழுந்துட்டாங்க, இவ எப்படிப் போவா?" என்பது அவர் வாதம். அந்த ஊருக்கு வரும் நகரப் பேருந்து பள்ளி நேரத்துக்குப் பொருந்தாது. வாரத்துக்கு இரண்டு நாள் அவள் வரவில்லை. வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டைக் காட்டியபோது, எனக்கு மீண்டும் ஓட்டியாக வேண்டும் என்று தோன்றியது. அவசரமாக ஓட்டி மறுபடி விழுந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். ஆகவே படிப்படியாகத்தான் போக வேண்டும்.

திரும்பி வந்த படிகள்

ஆறாம் வாரம் மருத்துவரிடம் மீண்டும் காட்டினேன். வண்டியைத் தொடும் முன் எனக்கு நானே சில தேர்வுகள் வைத்துக்கொண்டேன். வலியில்லாமல் ஆழமாக மூச்சு இழுக்க முடிகிறதா? தலையணை இல்லாமல் இரும முடிகிறதா? அடிபட்ட பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடிகிறதா? இரு கையையும் தலைக்கு மேல் தூக்க முடிகிறதா? தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் வரும் வண்டியைப் பார்க்க முடிகிறதா? கடைசிக் கேள்வி முக்கியமானது. திரும்பிப் பார்க்க முடியாதவர் சாலையில் ஓட்டக் கூடாது. ஐந்துக்கும் "முடியும்" என்று வந்த பிறகு மருத்துவரும் சரி என்றார்.

அடுத்து வண்டி. குறுக்குக் கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிள் என்பதால் காலைச் சுழற்றி ஏற வேண்டியதில்லை. சைக்கிள் கடைக்காரரிடம் சொல்லி ஹேண்டிலைச் சற்று உயர்த்தினேன். முன்னால் குனிந்து சாயும்போது உடலின் எடை கை வழியாக மார்புக்கு வருகிறது, நிமிர்ந்து உட்கார்ந்தால் அது குறையும். இரண்டு காலும் தரையில் ஊன்றும் அளவுக்கு சீட்டை இறக்கினேன். இதனால் முழங்காலுக்குச் சிரமம்தான், சில வாரத்துக்குப் பொறுத்துக்கொள்ளலாம். நோட்டுப் புத்தகங்கள் தோள்பையிலிருந்து கேரியருக்குப் போயின.

எதிர்பாராத சிக்கல் ஸ்டாண்டில் இருந்தது. வண்டியைப் பின்னால் இழுத்துத் தூக்கிப் பெரிய ஸ்டாண்டில் நிறுத்தும் அந்த ஒரு வேலை, ஓட்டுவதைவிட விலாவை அதிகம் இழுத்தது. பக்கவாட்டு ஸ்டாண்டு ஒன்று மாட்டினேன். கைப்பம்பில் காற்றடிப்பதும் அப்படித்தான்; அதை மாணவர்கள் தங்கள் வேலையாக எடுத்துக்கொண்டார்கள்.

ஏழாம் வாரம் சனிக்கிழமை, பள்ளி மைதானத்தில் பத்து நிமிடம் மட்டும். பயம் காலில் இல்லை, கைப்பிடியில் இருந்தது. பிடியை விரல் வலிக்க இறுக்கியிருந்தேன். எட்டாம் வாரம், வாகனம் குறைந்த காலை வேளையில் இரண்டு கிலோமீட்டர். ஒன்பதாம் வாரம், பள்ளிக்கு வண்டியில் வந்து, ஓர் ஆசிரியை தன் வாகனத்தில் அழைத்துச் செல்ல வீடு திரும்பினேன். வண்டி பள்ளியிலேயே இருந்தது. மறுநாள் அதில் வீட்டுக்கு. இப்படி ஒரு நாளைக்கு ஒரு வழிப் பயணம். பத்தாம் வாரம் இரு வழியும். ஒவ்வொரு படியிலும் மறுநாள் காலை வலி கூடியிருக்கிறதா என்று பார்த்தேன். கூடவில்லை என்றால் மட்டுமே அடுத்த படி. வேகத்தடை வந்தால் இறங்கித் தள்ளினேன். கண்மாய்க்கரை வளைவிலும் சில நாள் இறங்கித்தான் நடந்தேன்.

அந்த மாணவி

பத்தாம் வாரத்தில் வகுப்பாசிரியரும் நானும் மாணவியின் ஊருக்குப் போனோம். நான் மிதிவண்டியிலேயே போனேன். அவள் அப்பா என் வண்டியைத்தான் முதலில் பார்த்தார். தைரியம் பற்றி நான் பேசவில்லை. எந்த இடத்தில் பயம் என்று கேட்டேன். "மெயின் ரோட்டுல மண் லாரி போகுது டீச்சர். குளிர்காலத்துல சாயங்காலம் சீக்கிரமே இருட்டிடுது" என்றார். அது நியாயமான பயம். பேசிப் பார்த்ததில், ஒரு கிலோமீட்டர் கூடுதலானாலும் உள்ளூர்ச் சாலை ஒன்று இருப்பது தெரிந்தது. அதே ஊரிலிருந்து வரும் இன்னும் இரண்டு மாணவிகளோடு சேர்ந்து போவது, சிறப்பு வகுப்பு உள்ள நாளில் அப்பா எதிரே வருவது என்று முடிவானது. பிரேக்கை அவரே சரிபார்த்து வண்டியை வெளியே எடுத்தார். அவள் இப்போது ஒழுங்காக வருகிறாள்.

நண்பர்களே, நோயோ அடியோ பட்டுத் திரும்பி வரும் பிள்ளைகள் நம் வகுப்பிலும் இருக்கிறார்கள். அம்மை போட்டு மூன்று வாரம் கழித்து வருபவன், கை முறிந்து வருபவள். வந்த முதல் நாளே விட்டுப்போன அத்தனை பாடத்தையும் எழுதச் சொல்கிறோம். உடற்கல்வி வேளையில் எல்லோரோடும் ஓடச் சொல்கிறோம், அல்லது மாதக்கணக்கில் ஓரமாக உட்கார வைத்துவிடுகிறோம். இரண்டுக்கும் நடுவே படிகள் இருக்கின்றன. இன்று என்ன முடிகிறது, நாளை எப்படி இருக்கிறது, அதன்பின் அடுத்தது என்ன என்று அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

நம் உடம்புக்கும் அதே தாளைப் போடுங்கள். மருத்துவ விடுப்பை முழுமையாக எடுங்கள்.