கடல் சூழாத ஒரு தீவு

தீவு என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் எழுவது பரந்த நீலக்கடல். அதன் நடுவே ஒரு திட்டு நிலம். கரையோரத்தில் காற்றிலாடும் தென்னஞ்சோலை. இலங்கை மக்களுக்குத் தீவு என்பது புதிய பொருளன்று. அவர்கள் வாழும் நாடே ஒரு தீவுதான். ஆயினும் அந்நாட்டின் நடுவே, அலையோசை எட்டாத மாத்தளை மாவட்டத்திலும் ஒரு தீவு உண்டு என்று எவரேனும் கூறினால், கேட்போர் நகைக்கவே செய்வர். ஆனால் அக்கூற்று நகைப்புக்குரியதன்று. மாத்தளை நகரில் நின்று கிழக்கே நோக்குவோருக்கு, மேகங்கள் தவழும் நீண்டதொரு மலைத்தொடர் தோன்றும். மூடிய கையின் விரல் முட்டிகளைப் போல் அதன் சிகரங்கள் நிரையாக அமைந்திருத்தலைக் கண்ட ஆங்கிலேயர், அதற்கு நக்கிள்ஸ் என்று பெயரிட்டனர். சிங்கள மக்கள் அதனைத் தும்பறை மலை என்பர். அம்மலையே நாம் கூறும் தீவு.

இது எவ்வாறு பொருந்தும் என்பதை அறிய, முதலில் உலகின் விந்தைத் தீவுகள் சிலவற்றை நோக்குதல் வேண்டும். தென்னமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து ஏறக்குறைய 1000 கிலோமீற்றர் தொலைவில், பசிபிக் சமுத்திரத்தில், கலாபகோஸ் தீவுகள் உள்ளன. 1835ஆம் ஆண்டில் சார்ல்ஸ் டார்வின் அங்கே சென்றார். அங்குள்ள பேராமைகளின் ஓட்டைக் கொண்டே, இது இன்ன தீவின் ஆமை என்று கூறிவிடலாம் என அங்கிருந்தோர் அவருக்குக் கூறினர். இந்து சமுத்திரத்திலுள்ள மடகஸ்கார் தீவில் லெமூர் என்னும் விலங்கினங்கள் பல வாழ்கின்றன. உலகில் வேறெங்கும் அவை இயற்கையாக வாழ்வதில்லை. 1963ஆம் ஆண்டில் ஐஸ்லாந்துக்கு அருகே கடலடி எரிமலை பொங்கியெழுந்து, சேர்ட்சி என்னும் புதிய தீவைப் படைத்தது. வெறும் பாறையாகவும் சாம்பலாகவும் இருந்த அத்தீவில், புல்லும் பூச்சியும் பறவையும் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து குடியேறியதை விஞ்ஞானிகள் ஆண்டுதோறும் குறித்து வருகின்றனர்.

இத்தீவுகளின் சிறப்புக்குக் காரணம் யாது? நீர் அன்று, தனிமையே காரணம். கடக்கவொண்ணா எல்லை ஒன்று சூழ்ந்துகொண்டால், உள்ளே அகப்பட்ட உயிர்கள் வெளியுலகத் தொடர்பின்றிப் பல தலைமுறைகளாகத் தம் போக்கில் மாறுபடுகின்றன. முடிவில் அவை வேறெங்கும் காணப்படாத தனியினங்களாகிவிடுகின்றன. அவ்வெல்லை உப்புநீராகத்தான் இருத்தல் வேண்டும் என்பதில்லை. பனாமாக் கால்வாய் வெட்டப்பட்ட காலத்தில், ஓர் ஆற்றை மறித்துக் காட்டூன் ஏரியை உண்டாக்கினர். ஏரி நிரம்பவே, காட்டின் நடுவே நின்ற குன்றொன்றின் உச்சி, பாரோ கொலராடோ என்னும் தீவாயிற்று. அக்குன்று இருந்த இடத்திலேயே இருந்தது. சுற்றியிருந்த நிலமே மாறிற்று. சுற்றியுள்ளது கடக்க முடியாததாகும்போது, குன்றும் தீவாகும் என்பதே அது கற்பிக்கும் பாடம்.

இனி மாத்தளைக்கு மீள்வோம். இம்மாவட்டத்தின் வடபால், சமவெளியின் நடுவே தன்னந்தனியாக ஓங்கி நிற்கும் சிகிரியாக் குன்றை அறியாதார் இலர். அத்தகைய தனிக்குன்றுகளை ஜெர்மானிய மொழியில் தீவுமலை என்ற பொருள்படும் சொல்லால் அழைப்பர். ஆயின் சிகிரியா தோற்றத்தினால் மட்டுமே தீவு. தும்பறை மலையோ உயிர்வாழ்வினாலும் தீவாகும். அதன் தெற்கே மகாவலி கங்கையின் பள்ளத்தாக்கு; மேற்கே மாத்தளைப் பள்ளத்தாக்கு; வடக்கிலும் கிழக்கிலும் வெப்பம் மிகுந்த உலர்நிலம். இவற்றால் அது நுவரெலியாவையும் ஹோர்ட்டன் சமவெளியையும் தாங்கும் நடுமலையிலிருந்து அறவே பிரிந்து நிற்கிறது. அதன் மிகவுயர்ந்த சிகரமாகிய கொம்பனியா 1906 மீற்றர் உயரமுடையது. ஆயிரம் மீற்றர் ஏறுந்தோறும் வெப்பநிலை ஏறக்குறைய 6 பாகை குறையும் என்பது பொதுவிதி. ஆகவே மாத்தளைக் கடைத்தெருவில் வியர்வை வழிய நிற்பவனுக்கும், அச்சிகரத்தில் நிற்பவனுக்கும் இடையே 9 பாகை அளவு வேறுபாடு உண்டு. மனிதன் போர்வையொன்றைச் சுமந்துகொண்டு இரண்டிடத்தும் வாழ்வான். மூடுபனியின் ஈரத்திலே பிறந்து வளர்ந்த சிறு பிராணிக்கோ, கீழேயுள்ள வெப்பப் பள்ளத்தாக்கு ஆழ்கடலுக்கு ஒப்பானது.

அத்தீவின் குடிகளைக் காண்போம். நடுமலைக் காடுகளில் ஓர் ஓணான் உண்டு. அதன் மூக்கின்மேல் காண்டாமிருகத்துக்குப் போல் கூரிய கொம்பொன்று நீண்டிருக்கும். அதன் உறவினம் தும்பறை மலையிலும் உண்டு. ஆயின் அதன் மூக்கில் இருப்பது கொம்பன்று. இலைபோன்று தட்டையான ஒரு மடல். இலங்கையில் உயர்பதவி வகித்த எமர்சன் டெனன்ட் என்பவரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டுள்ளது. தும்பறையையன்றி உலகில் வேறெங்கும் அது வாழ்வதில்லை. இன்னுமொன்று உண்டு: வாலினால் கிளையைப் பற்றிக்கொண்டு மெல்ல ஊர்ந்து, முட்டையிடாமல் குட்டி ஈனும் சிற்றோணான். நடுமலையில் வாழும் இனமும் தும்பறையில் வாழும் இனமும் ஒன்றே என நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2006ஆம் ஆண்டிலேதான், தும்பறையிலிருப்பது தனியினம் என விஞ்ஞானிகள் விவரித்து, அம்மலையின் பெயரையே அதற்கு இட்டனர். நீர் கசியும் பாறைப்பிளவுகளில் ஒடுங்கி வாழ்வதற்கேற்பத் தட்டையான உடல் படைத்த தவளையொன்றும் இம்மலைக்கே உரியது. 1946ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட அத்தவளையின் வாற்பேய்கள் குளத்தில் நீந்துவதில்லை. ஈரப்பாறையின்மேல் ஊர்ந்து திரிகின்றன. இலங்கைக்கே உரிய அப்பேரினத்தில் அறியப்பட்ட இனங்கள் நான்கே. அவற்றுள் ஒன்று முற்றாக அழிந்துபோனதாகப் பதிவாகிவிட்டது.

டார்வின் கலாபகோஸ் தீவுகளில் கண்டது ஆமையின் ஓட்டிலே வேறுபாடு; இங்கே காண்பது ஓணானின் மூக்கிலே வேறுபாடு. அங்கே இடைநின்றது சமுத்திரம்; இங்கே இடைநிற்பது வெப்பம். தமிழகத்து மலைகளிலும் இதுவே நிகழ்ந்துள்ளது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரிச் சோலையில் வாழும் சிறு நீலக்குருவி வேறு; தெற்கே ஆனைமலை, பழனிச் சோலைகளில் வாழும் அதன் உறவினம் வேறு. இத்தகைய குளிர்ந்த மலையுச்சிகளை ஆகாயத் தீவுகள் என விஞ்ஞானிகள் அழைப்பர்.

தீவுக்குரிய சிறப்பு எதுவோ, தீவுக்குரிய ஆபத்தும் அதுவே. மொரீசியஸ் தீவின் டோடோப் பறவை, மனிதன் அங்குக் குடியேறி ஒரு நூற்றாண்டு நிறையுமுன்னே, 17ஆம் நூற்றாண்டில் மறைந்தொழிந்தது. அதற்கு ஓடிப் பிழைக்க வேறு நிலமில்லை. தும்பறை மலைக்கும் சோதனைகள் வந்தன. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகவும், பின்னர்த் தேயிலைக்காகவும் மலைச்சாரல்கள் வெட்டவெளியாக்கப்பட்டன. மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே கால்நடையாக மாத்தளையை அடைந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பு அத்தோட்டங்களில் கலந்துள்ளது. 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளையேனும் விட்டுவைத்தல் வேண்டும் எனத் தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர் 1873ஆம் ஆண்டில் அறிவுறுத்தினார். பின்னர் ஏலச்செய்கை பரவிற்று. ஏலத்துக்கு நிழல் வேண்டும். ஆதலால் பெருமரங்கள் தப்பின. ஆனால் அவற்றின்கீழ் முளைத்த கன்றுகள் களையப்பட்டன. காயை உலர்த்தும் சூளைகளுக்கு விறகும் காட்டிலிருந்தே வந்தது. தூரத்திலிருந்து நோக்குவோருக்குக் காடு பசுமையாகவே தோன்றிற்று. உள்ளே மூத்தோர் மட்டும் இருந்தனர், குழந்தைகள் இல்லை. 2000ஆம் ஆண்டில் இம்மலைக்காடு பாதுகாப்பு வனமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010ஆம் ஆண்டில் ஹோர்ட்டன் சமவெளியுடனும் சிவனொளிபாதமலைக் காட்டுடனும் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஏலத்தையே நம்பி வாழ்ந்த கிராமத்தவர் பலர் அதனால் வருவாய் இழந்தனர் என்பதையும் மறைத்தலாகாது. காட்டைக் காத்தவர் எவரோ, அவர்களின் அடுப்பையும் நினைத்தல் கடமையாகும்.

எனினும், வேலியினாலும் சட்டத்தினாலும் தடுக்கவொண்ணாத ஆபத்தொன்று இப்போது எழுந்துள்ளது. தொழிற்காலத்துக்கு முன்னிருந்ததைவிட உலகின் சராசரி வெப்பநிலை ஒரு பாகைக்கு மேல் உயர்ந்துவிட்டது. ஒரு பாகை என்றால் அற்பம் எனத் தோன்றும். முற்கூறிய கணக்கின்படி நோக்கினால், பழைய குளிரைத் தேடும் பிராணி ஏறக்குறைய 160 மீற்றர் மேலே ஏறவேண்டும். மலையோ மேலே செல்லச்செல்லக் குறுகும். தீவு சிறிதாகுந்தோறும் அதில் வாழக்கூடிய இனங்களும் குறையும் என்பதை மக்கார்தர், வில்சன் என்னும் இரு அறிஞர் 1967ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினர். கடற்றீவுகளைக் கடல்மட்டம் உயர்ந்து விழுங்குவதைப் போலவே, தும்பறைத் தீவை வெப்பம் என்னும் கடல் அடியிலிருந்து விழுங்குகிறது. கொம்பனியாச் சிகரத்துக்கு மேலே ஏறுவதற்கு இடமில்லை. அதற்குமேல் வானமே உண்டு.

ஒரு சிற்றோணான் மறைந்தால் மனிதனுக்கு என்ன நட்டம் என்று வினவுவோரும் உளர். அந்த ஓணானைத் தாங்கும் மூடுபனிக் காடுதான் இரு பருவக்காற்றுகளின் மழையையும் ஏந்தி வைக்கிறது. அங்கிருந்து இறங்கும் ஓடைகள் அம்பன் கங்கையில் கலக்கின்றன. அக்கங்கையின் நீரே பண்டைக் காலந்தொட்டு மின்னேரியாக் குளத்தையும், பொலன்னறுவையிலுள்ள பராக்கிரம சமுத்திரத்தையும் நிரப்பி வருகிறது. கடல் சூழாத தீவிலிருந்து இறங்கும் நீர், சமுத்திரம் எனப் பெயர் பெற்ற குளத்தை நிரப்பி, வயல்களில் நெல்லாக விளைகிறது.

மாத்தளை மக்கள் நாள்தோறும் விழித்தெழுந்து காணும் மலை அது. கலாபகோஸைக் காணக் கப்பலேற வேண்டும். மடகஸ்காரைக் காணக் கடல் கடக்க வேண்டும். இத்தீவைக் காணக் கிழக்கே தலைதிருப்பினாற் போதும். அங்கே தன் இலைமூக்கை அசைத்துக்கொண்டு மரக்கிளையில் அமர்ந்திருக்கும் சிற்றுயிருக்கு அம்மலையையன்றி வேறு நாடில்லை. அதன் கரை எங்கே தொடங்குகிறது என்பதை அறிந்து, அக்கரையில் தீயும் கோடரியும் ஏறாமற் காப்பது, அடிவாரத்தில் வாழ்வோர் கையில் உள்ளது. வெப்பத்தைத் தணிப்பது உலகத்தார் அனைவர் கையிலும் உள்ளது.