அறமும் தீர்ப்பும்

 

சட்டம் என்றாலே நாடாளுமன்றம் இயற்றுவது என்று எண்ணுகிறோம். அது பாதி உண்மைதான். ஒரு வழக்கில் மேல் நீதிமன்றம் கூறும் காரணம், பின்னர் வரும் அதுபோன்ற வழக்குகளில் கீழ் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும். இப்படித் தீர்ப்பின்மேல் தீர்ப்பாக வளர்ந்த ஒரு துறை, தங்கள் நன்கொடைகளோடு நேரடித் தொடர்புடையது. அதுவே அறக்கொடைச் சட்டம்.

1869-இல் சிங்கப்பூரில் நீதிபதி சர் பென்சன் மேக்ஸ்வெல் ஒரு தீர்ப்பு வழங்கினார். ஆங்கிலச் சட்டமே இங்கு நடைமுறைச் சட்டம்; ஆயினும் இங்கு வாழும் பல இன மக்களுக்கு அது அநீதியாகவோ கொடுமையாகவோ அமையாதபடி தக்க மாற்றங்களோடு அதனைக் கையாள வேண்டும் என்றார். இவ்வளவு பரந்த நோக்குடைய அதே தீர்ப்பில், முன்னோர் வழிபாட்டுக்கென நிரந்தரமாகச் சொத்து ஒதுக்கிய உயிலின் பகுதி செல்லாது என்றும் முடிவாயிற்று.

பினாங்கில் ஒரு சீன அம்மையார், குடும்ப இடுகாட்டுக்காக நிலத்தையும், தமக்கும் தம் கணவருக்கும் சடங்குகள் நடைபெற ஒரு வீட்டையும் உயிலில் ஒதுக்கியிருந்தார். அவ்வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1875-இல் அவ்விரு ஏற்பாடுகளும் செல்லாதவையாயின.

காரணம் என்ன? சொத்தை என்றென்றைக்கும் முடக்கி வைக்கச் சட்டம் இடந்தருவதில்லை. பொதுமக்களுக்குப் பயன்தரும் அறத்திற்கு மட்டுமே விலக்கு உண்டு. குடும்பத்திற்குள் நின்றுவிடும் சடங்கு, எவ்வளவு புனிதமானதாயினும், அவ்விலக்கைப் பெறவில்லை.

அந்த அறம் எது என்பதையும் தீர்ப்பே வகுத்தது. 1891-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை நான்கு வகைகளைக் கூறிற்று: வறுமை நீக்கல், கல்வி வளர்த்தல், சமயம் வளர்த்தல், சமுதாயத்திற்கு நலம் தரும் பிற பணிகள். மலேசிய, சிங்கப்பூர் நீதிமன்றங்கள் இன்றும் இவ்வகைப்பாட்டைப் பின்பற்றுகின்றன.

பிற துறைகளிலும் இதுவே நடைமுறை. பானப் புட்டியில் நத்தை கிடந்ததாக ஸ்காட்லாந்துப் பெண்மணி ஒருவர் தொடுத்த வழக்கில் 1932-இல் தீர்ப்பு வந்தது. அந்தப் பானத்தை வாங்கியவர் அவருடைய தோழி. இருந்தும், அருந்துபவர்பால் தயாரிப்பாளருக்குக் கவனக் கடமை உண்டு என்றனர் நீதிபதிகள். பிறருக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ளும் அந்தக் கடமை, அன்னதானம் சமைக்கும் நமக்கும் உண்டு.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஒருவர் தம் கடைவீட்டின் வாடகையில் தம் தந்தையாருக்கு மட்டும் என்றென்றும் திதி நடைபெற வேண்டும் என்று எழுதினால், அந்தப் பினாங்கு உயிலுக்கு நேர்ந்த கதியே நேரலாம். அதே வாடகையை ஏழை மாணவரின் படிப்புக்கோ, அனைவருக்கும் திறந்திருக்கும் ஆலயத்தின் நித்திய பூசைக்கோ தந்தையார் நினைவாக எழுதி வைத்தால், அறம் நிலைக்க வழியுண்டு.

ஆகவே அன்பர்களே, குடும்பச் சடங்கையும் பொது அறத்தையும் ஒரே வாசகத்தில் கலந்து எழுதாதீர்கள். நோக்கத்தையும் சொத்தைப் பெறும் அமைப்பின் முழுப் பெயரையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள். வாழும் காலத்திலேயே வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுங்கள். எழுதியவர் மறைந்தபின், அவர் மனத்தை நீதிமன்றம் அவர் எழுதிய சொற்களில்தான் தேடும்.