மாணிக்கம் வாங்கப் போகிறீர்களா?



மோதிரத்தில் பதிக்க ஒரு மாணிக்கக் கல் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு இன்று ஒரு தகவல்.

மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமம்தான். குருந்தம் என்று பெயர். அதில் சிறிதளவு குரோமியம் கலந்து சிவந்தால் மாணிக்கம். கடினத்தன்மை அளவுகோலில் வைரத்துக்கு 10 என்றால் இதற்கு 9.

1902-ல் வெர்னூயி என்கிற பிரெஞ்சு வேதியியலாளர், அலுமினாத் தூளைச் சுடரில் உருக்கி மாணிக்கம் செய்யும் முறையை அறிவித்தார். அப்படிச் செய்த கல்லும் மாணிக்கமேதான். ஆனால் விலை மிகக் குறைவு. உருப்பெருக்கியில் பார்த்தால், உள்ளே வளைந்த கோடுகள் காட்டிக்கொடுக்கும்.

மண்ணில் கிடைத்த கல்லைச் சூடேற்றி நிறம் கூட்டுவதும் வழக்கம். விற்பவர் அதை மறைக்காமல் சொன்னால் தவறில்லை. நாம் ஒதுக்க வேண்டியது, விரிசல்களில் ஈயக் கண்ணாடி நிரப்பிய கல். எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி அரிக்கும். மோதிரத்தைப் பழுதுபார்க்க ஆசாரி நெருப்பில் காட்டினால் கல்லே பாழாகிவிடும்.

அதனால் கல்லைக் கடை விளக்கில் மட்டும் பார்க்காதீர்கள். மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்பு கூடுதலாகத் தெரியும். வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கல் இயற்கையா, சூடேற்றியதா, கண்ணாடி நிரப்பியதா என்று ரசீதில் எழுதித் தரக் கேளுங்கள். விலை பெரிதென்றால், கடைக்குத் தொடர்பில்லாத ரத்தினப் பரிசோதனைக்கூடத்தின் சான்றிதழ் அவசியம். இவற்றைத் தரத் தயங்கும் கடையில், கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். நீங்கள் கொடுப்பது உழைத்துச் சேர்த்த பணம். கேட்பது உங்கள் உரிமை.