எதைத் தேடினாலும் 'ஈ'

கொல்லிமலை தேவனூர் நாட்டிலிருந்து பேசுறேன். நடுவுல சேவல் கூவினா பொறுத்துக்குங்க.

எங்க மலைச் சொற்களைப் பட்டியல் போட்டு வர்றேன். பைத்தானில் ஸ்ட்ரிங்கிலிருந்து பிறந்த 'சொல்' என்று ஒரு கிளாஸ். அதில் 'தூரம்' என்று ஒரு மெத்தட். ரெண்டு சொல்லுக்கும் எத்தனை எழுத்து வித்தியாசம்னு சொல்லும். யாராவது பிழையா தட்டினா, தூரம் குறைந்த சொல்லை முதலில் காட்டணும். பைத்தானின் லென் 'சாமை'யை 4 என்று எண்ணும், உயிர்மெய்க் குறிகளைத் தனியா எடுத்துக்கும். நமக்கு அது 2. அந்தப் பிரிக்கிற வேலையும் உள்ளேயே இருந்தது.

பைத்தானில் எழுதினது சரியா ஓடிச்சு, ஆனா மெதுவா. அதையே சி-யில் எழுதி, கம்பைல் பண்ணி, கிளாசுக்குள்ள 'தூரம்' என்ற பேரில் நேரே வைத்தேன். எரர் ஒன்றுமில்லை. ஆனா எதைத் தேடினாலும் முதல் விடை 'ஈ'!

'சாமை'க்கும் 'தினை'க்கும் தூரம் கேட்டேன், 2. சரி. 'சாமை'க்கும் 'சாமை'க்கும்? அதுவும் 2. பூஜ்யம்ல வரணும்?

காரணம் இதுதான். புள்ளி வைத்து மெத்தடைக் கூப்பிடும்போது, கிளாசில் கிடைத்த பொருளுக்கு 'கெட்' என்ற சிறப்பு மெத்தட் உண்டான்னு பைத்தான் பார்க்கும். டெஃப் போட்டு எழுதின ஃபங்ஷனுக்கு உண்டு. அதுதான் செல்ஃபை முதல் ஆர்க்யுமென்டாகக் கட்டிவிடுது. சி-யில் எழுதின மாட்யூல் ஃபங்ஷனுக்கு அது கிடையாது. லென்னை அப்படி வைத்தால், ஒரு ஆர்க்யுமென்ட் வேணும், ஒன்றுமே வரலைன்னு எரராவது வரும். என் ஃபங்ஷனில் இரண்டாவது ஆர்க்யுமென்ட் கட்டாயமில்லை, வராட்டி வெற்றுச் சொல். அதனால 'தினை' முதலிடத்தில் உட்கார்ந்து, தன் நீளத்தையே தூரமா சொல்லிடுச்சு. ஓரெழுத்துச் சொல் ஜெயிக்காம என்ன செய்யும்?

மருந்து ஒரு வரிதான்: டெஃப் போட்டு ஒரு மெத்தட், உள்ளே சி ஃபங்ஷனுக்கு செல்ஃபையும் மற்ற சொல்லையும் கையாலே கொடுங்க. ஃபங்க்டூல்ஸில் பார்ஷியல்மெத்தட் இருக்கு, அதுவும் கட்டும். சைத்தானில் எழுதறவங்களுக்கு 2023-இல் வந்த 3.0 முதல் இந்தக் கட்டுதல் இயல்பாவே நடக்குது. நான் டெஃப் பக்கம்தான். கூடுதலா ஒரு கால் செலவாகும். அது உறுத்தினா, பட்டியல் முழுக்கச் சுற்றும் லூப்பையே சி-க்குள்ள தள்ளிடுங்க. நான் அப்படித்தான் பண்ணினேன்.

இப்போ டெஸ்டில் முதல் வரி, 'சாமை'க்கும் 'சாமை'க்கும் தூரம்.