சாப்பாட்டு மேசையில் பிறந்த பரிசு



நண்பர்கள் கூடி வெளியே உண்ணச் செல்வதைப் பொழுதுபோக்கு என்றே நாம் எண்ணுகின்றோம். இத்தாலியின் மிலான் நகரில் அவ்வாறு கூடிய சிலர், தங்கள் நாட்டு இலக்கியத்துக்கு ஒரு பரிசையே ஏற்படுத்திவிட்டார்கள். அந்தக் கதையையே இன்று சொல்லப் போகின்றேன்.

மிலானில் பகுற்றா என்றொரு தெரு. தொஸ்கானாப் பகுதியிலிருந்து வந்த பெப்போரி குடும்பத்தார் அங்கே ஒரு சாப்பாட்டுக்கடை நடத்தி வந்தனர். பகட்டில்லாத, வீட்டுச் சமையற் பாங்கான கடை. நாவலாசிரியர் றிக்கார்டோ பக்கெல்லி அதைக் கண்டுபிடித்து நண்பர்களை அழைத்து வந்தார். பத்திரிகையாளர் ஓரியோ வெர்கானி, ஓவியர் மாரியோ வெல்லானி மார்க்கி என ஒரு கூட்டமே சேர்ந்தது. உண்பது பாதி, புத்தகச் சண்டை பாதி. நேரந் தவறி வந்தவரும் வராது விட்டவரும் தண்டம் கட்டவேண்டும் என்பது அவர்கள் விதி. (நம்முடைய இலக்கியக் கூட்டங்களில் இவ்விதியைப் புகுத்தினால் ஆண்டுக்கு இரண்டு நூல்களாவது அச்சேறும்!)

சேர்ந்த பணத்தைத் தாங்கள் நல்லதென்று கருதும் நூலொன்றுக்குக் கொடுப்பது என 1926 நவம்பர் 11 ஆம் திகதி பதினொரு நண்பர்கள் தீர்மானித்தார்கள். முதற் பரிசு 1927 இல் அஞ்சொலெற்றி என்ற எழுத்தாளருக்குப் போயிற்று.

அந்தத் திகதியைச் சற்று உற்று நோக்குங்கள். அதற்கு ஆறு நாட்களுக்கு முன்னர்தான் முசோலினியின் அமைச்சரவை எதிர்க்கட்சிகளைக் கலைக்கவும் எதிர்ப்புப் பத்திரிகைகளை நிறுத்தவும் முடிவு செய்திருந்தது.

நமது பழைய மரபிலே பரிசில் என்பது புரவலன் கொடுக்கப் புலவன் பெறுவது. பசித்த சுற்றத்தோடு வழிநடக்கும் கலைஞரை ஆற்றுப்படை நூல்களில் நிறையவே காண்கின்றோம். பகுற்றாவிலோ புரவலன் இல்லை. வாசகர்களே தம் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். ஆகவே, எவருடைய முகத்தையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை.

1935 இல் கார்லோ எமிலியோ காடாவைத் தெரிந்தெடுத்தார்கள். தொழிலால் மின்பொறியியலாளர், முதலாம் உலகப் போரிலே கைதியாக இருந்தவர், எளிதில் வசப்படாத நடைக்காரர். பின்னாளில் இத்தாலிய உரைநடையின் பெரும் பெயர்களில் ஒன்றானார். இதே காடா, குங்குமப்பூவிட்டு ஆக்கும் மிலான் சோறாகிய றிசோற்றோவைச் சமைப்பது எப்படி என்று 1959 இல் ஒரு கட்டுரை எழுதினார். சோறு குழையலாகாது, பருக்கைகள் தனித்தனியே நிற்கவேண்டும் என்பதில் வெகு கண்டிப்பு. தம் சொற்களிலும் அவர் அப்படித்தான்.

ஆட்சியின் நெருக்குதல் அந்த மேசை வரைக்கும் வந்தபோது நண்பர்கள் பரிசையே நிறுத்திவிட்டார்கள். 1937 முதல் 1946 வரை பகுற்றாப் பரிசு இல்லை. இவர்கள் எல்லாரும் வீரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பக்கெல்லியே 1941 இல் அவ்வாட்சியின் இத்தாலிய அறிஞர் கழகத்தில் உறுப்பினரானவர். ஆயினும், ஏவப்பட்ட பெயருக்குக் கொடுப்பதிலும் கொடாதிருப்பது மேல் என்று கண்டார்களே, அது சிறிய காரியமன்று. பத்தாண்டுகள் எழுத்தாளர் எவருக்கும் அந்தப் பணம் கிடைக்கவில்லை. அந்த இழப்பும் கணக்கில் வரவேண்டியதே.

போர் ஓய்ந்தபின் 1947 இல் பரிசு மீண்டும் வந்தது. பகுற்றாத் தெருக் கடை 2016 இல் மூடப்பட்டது. பரிசு அதன் பின்னரும் அதே பெயரில் வழங்கப்பட்டு வருகின்றது.